நான்கு பெயர் கண்ட கப்பல்

கிளாஸ்கோவில் கெல்வின் ஆறு கிளைட் நதியோடு கலக்கும் முனைக்குப் பாயிண்ட்ஹவுஸ் என்று பெயர். அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் கிளென்லீ. இதே நதி கடலை நோக்கிப் போகும் கீழ்ப்பகுதியில், போர்ட் கிளாஸ்கோ என்ற ஊரில், 1896 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டது. இன்று இந்நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் இந்தப் பெயரோடு அது கடலில் ஓடியது இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே. அதற்குப்பின் வந்த பெயர்களில் கலாத்தியா என்ற ஒரு பெயர் மட்டும் எழுபது ஆண்டுகள் நீடித்தது. அந்த எழுபது ஆண்டுகளின் தடம் இப்போது கப்பலில் ஏறக்குறைய இல்லை. எனக்கு இந்தக் கப்பல்மேல் பிரியம் உண்டு. பிரியம் இருப்பதால்தான் இந்தக் குறையும் உறுத்துகிறது. இரண்டையும் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. 1896-ல் யார் பாய்க்கப்பல் கட்டினார்கள்? சூயஸ் கால்வாய் திறந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. நீராவிக் கப்பல்கள் அஞ்சலையும் தேயிலையையும் பயணிகளையும் முழுக்க எடுத்துக்கொண்டன. சூயஸ் வழி பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது. கால்வாயில் இழுவைப் படகு வைத்துத்தான் போக முடியும், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் செங்கடலின் காற்று படுத்தும். ஆனாலும் உலகத்தில் அவசரமில்லாத சரக்கு ஏராளமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் நிலக்கரி, அமெரிக்க மேற்குக்கரையின் கோதுமை, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய சிலியின் வெடியுப்பு, பெருவின் பறவை எச்ச உரம். இவை நான்கு மாதம் கழித்து வந்தாலும் கெட்டுப்போகாது. வழியில் விலை ஏறினால் வியாபாரிக்கு லாபம்கூட. நீராவிக் கப்பல் அவ்வளவு தூரம் போனால் எரிக்கக் கரி வாங்கியே கட்டுப்படியாகாது. நீராவிக் கப்பல்கள் எரித்த கரியையே உலகின் மூலைகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டியதில் பாய்க்கப்பல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. காற்றுக்குக் காசு கிடையாது. கப்பல் முதலாளிகளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தக் கணக்கில் பிறந்ததுதான் கிளென்லீ. கட்டியது ஆண்டர்சன் ராட்ஜர் கம்பெனி, கட்டச் சொன்னது கிளாஸ்கோவின் ஆர்ச்சிபால்ட் ஸ்டெர்லிங் கம்பெனி. உடல் முழுக்க எஃகு. நீளம் 75 மீட்டர், அகலம் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவு, கொள்ளளவு 1,613 டன். அழகுக்காகக் கட்டிய கப்பல் இல்லை என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். தேயிலை ஏற்றி வேகமாக ஓடிய கிளிப்பர் என்ற பாய்க்கப்பல்களுக்கு இருந்த ஒல்லியான இடுப்பு இதற்கு இல்லை. வயிறு அகன்று பெட்டிபோல இருக்கும். சரக்கு கொள்வதற்கென்றே செய்த வயிறு. பாய்மர உச்சியில் இருக்க வேண்டிய மிகச் சிறிய பாய்களை அடியோடு விட்டுவிட்டார்கள். உச்சிப் பாய் இல்லையென்றால் கயிறு மிச்சம், ஏறிச் சுருட்டுகிற ஆட்களின் சம்பளமும் மிச்சம். இப்படிப்பட்ட கப்பலை மாலுமிகள் மொட்டைத்தலை என்பார்கள். வடங்களில் பெரும்பகுதி இரும்புக் கம்பி. நங்கூரம் தூக்கவும் சரக்கு ஏற்றவும் ஒரு சிறு கொதிகலன். மற்றதெல்லாம் மனிதக் கை.

இந்தக் கை என்ற சொல்லைத் தாண்டி எளிதாகப் போய்விட முடியவில்லை. கப்பல் உலகத்தை நான்கு முறை சுற்றியிருக்கிறது, ஹார்ன் முனையைப் பதினைந்து முறை கடந்திருக்கிறது என்று அறிமுகப் பலகையில் ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைத் தடுக்க உலகத்தைச் சுற்றி எங்கேயும் நிலம் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து கலிபோர்னியாவுக்கோ ஓரிகனுக்கோ போகும் கப்பல் அந்தக் காற்றை எதிர்த்துத்தான் திரும்ப வேண்டும். பாய்க்கப்பல் நேராகக் காற்றுக்குள் போகாது. தெற்கே ஓடி, திரும்பி வடக்கே ஓடி, மறுபடி தெற்கே ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேற்கே நகர முடியும். நாட்கணக்கில் ஓடிய பிறகு பார்த்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பார்கள். சில கப்பல்கள் ஹார்னோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டித் தோற்று, திரும்பி, காற்றோடு கிழக்கே ஓடி, உலகின் மறுபக்கமாகச் சுற்றி ஊர் சேர்ந்திருக்கின்றன.

இதற்கு நடுவில் ஆட்கள் மேலே ஏறுவார்கள். பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலுக்குக் கீழே தொங்கும் கால்கயிற்றில் நின்று, வயிற்றைப் பருமலில் அழுத்தி, பனி படிந்து தகரம்போல விறைத்த பாயை இரண்டு கையாலும் இழுத்துச் சுருட்ட வேண்டும். பிடித்துக்கொள்ள கை மிஞ்சாது. முப்பது பேருக்கும் குறைவானவர்களே மொத்த ஊழியர்கள். அதில் பாதிப் பேர்தான் ஒரு நேரத்தில் வேலையில் நிற்கும் முறைக்காவல். கிளென்லீயின் நடுத்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பருமல்கள் அடுக்கடுக்காக மேலே போகும். ஆடாத ஆற்றில், வெயில் அடிக்கும் நாளில், பார்க்கும்போதே கழுத்து வலிக்கிற உயரம் அது. இருட்டில், கப்பல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் அங்கே ஏறினார்கள். எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மனம் கலங்குகிறது. கோதுமையின் விலையில் அது எழுதப்படவில்லை.

ஸ்டெர்லிங் கம்பெனி கப்பலைச் சீக்கிரமே விற்றுவிட்டது. டண்டீயின் ராபர்ட் பெர்கூசன் வாங்கி ஐலாமவுண்ட் என்று பெயர் மாற்றினார். 1905-ல் லிவர்பூலின் ராபர்ட் தாமஸ் கம்பெனி நிர்வாகத்துக்குப் போனது. பெயர் அப்படியே இருந்தது. இந்த ஐலாமவுண்ட் காலம்தான் அதன் உழைப்புக் காலம். கடந்த ஹார்ன்களில் பெரும்பகுதி இந்தப் பெயரில்தான். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பாய்க்கப்பல் மிக எளிய இரை. தப்பி ஓட வேகம் இல்லை, காற்று நின்றால் நகரவும் முடியாது. ஐலாமவுண்ட் தப்பியது.

போர் முடிந்தபோது பாய்க்கப்பலின் பிழைப்பும் முடிந்திருந்தது. இரண்டு காரணம். 1914-ல் பனாமா கால்வாய் திறந்துவிட்டதால் ஹார்னைச் சுற்ற வேண்டிய தேவை குறைந்தது. 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா செய்யும் ஆலை ஓடத் தொடங்கியது. அதன்பின் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வெடியுப்பையே நம்பியிருக்க வேண்டியதில்லை. சிலியிலிருந்து வெடியுப்பு கொண்டுவந்த கப்பல்களின் கீழிருந்து கடலே உருவப்பட்டது என்று சொல்லலாம். ஐலாமவுண்டை இத்தாலிக்காரர்கள் வாங்கி கிளாராஸ்டெல்லா என்று பெயர் வைத்து, இரண்டு என்ஜின்களையும் பொருத்தினார்கள். அதிகநாள் வைத்திருக்கவில்லை. 1922-ல் ஸ்பெயின் கடற்படை வாங்கியது. அப்புறம்தான் கலாத்தியா.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இந்தக் கப்பலைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் கிளாஸ்கோவில் எல்லாரும் 1990-களைச் சொல்வார்கள். அது உண்மையில் பாதி. 1920-களில் உலகமெங்கும் இதன் கூடப்பிறந்த கப்பல்கள் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எஃகுக்கு விலை இருந்தது. பாய்மரத்துக்கு இல்லை. அப்போது ஸ்பெயின் கடற்படைக்கு மாலுமிகளைப் பழக்க ஒரு கப்பல் தேவைப்பட்டது. அதிகாரிகளுக்கென்று பின்னாளில் எல்கானோ என்ற அழகான நான்கு மரக் கப்பலைக் காதிஸில் கட்டினார்கள், அது இன்றும் ஓடுகிறது. கலாத்தியாவில் பயின்றவர்கள் சாதாரண மாலுமிகளும், பின்னாளில் கப்பல் தளத்தின் வேலைகளை மேற்பார்க்கப்போகும் கடைநிலைத் தலைவர்களும். கலீசியாவின் எல் ஃபெரோல் துறைமுகம் அதற்கு வீடு. சரக்கறை இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான பையன்கள் படுக்கவும் சாப்பிடவும் படிக்கவும் இடம் செய்தார்கள். வெளிச்சத்துக்குப் பக்கச்சுவரில் வட்டச் சன்னல்கள் வெட்டினார்கள். தளத்தின்மேல் மேடை எழுப்பினார்கள். 1950-களின் இறுதிவரை கடலுக்குப் போய்வந்தது, பிறகு கரையோரமாகக் கட்டிய நிலையில் பள்ளியாக நீடித்தது. ஸ்பெயினின் மாலுமிகளில் எத்தனையோ தலைமுறை அந்தக் கப்பலில்தான் முதல் முடிச்சைப் போடக் கற்றது.

பள்ளி மூடியது. வடங்களும் பருமல்களும் கழற்றப்பட்டன. வெற்று உடலைச் செவில் நகருக்கு இழுத்துச் சென்றார்கள், அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று. குவாதல்கிவீர் நதியில் அது துருப்பிடித்துக் கிடந்தது. 1990-ல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் வடிவமைப்பாளர் அங்கே அதைக் கண்டு, இது கிளைடில் கட்டிய கப்பல் என்று அறிந்து சொன்னார். 1992-ல் செவிலில் உலகக் கண்காட்சி நடந்தது. கொலம்பஸின் கடற்பயணத்தின் ஐந்நூறாம் ஆண்டு விழா. அதே ஆண்டுதான் கலாத்தியா ஏலத்துக்கு வந்தது. கிளைட் மாரிடைம் டிரஸ்ட் ஐம்பது லட்சம் பெசெட்டாவுக்கு, அதாவது சுமார் 40,000 பவுண்டுக்கு, எடுத்தது. அடுத்த ஆண்டு பிஸ்கே விரிகுடா வழியாக இழுத்துக்கொண்டுவந்து கிளைடில் சேர்த்தார்கள்.

மீட்பு வேலை ஆறு ஆண்டுகள் நடந்தது. துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட்டார்கள். பாய்மரங்களும் பருமல்களும் எழுந்தன. கேப்டனின் அறை, மாலுமிகளின் அறை, சமையலறை எல்லாம் 1896-ல் எப்படி இருந்தனவோ அப்படி ஆக்கப்பட்டன. வெளிப்பக்கத்தில் அந்தக் காலச் சரக்குக் கப்பல்களைப்போல வெள்ளைப் பட்டையில் கறுப்புச் சதுரங்கள் தீட்டினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற கொள்ளைக்காரனுக்குப் பீரங்கிக் கண்கள்போலத் தெரியட்டும் என்று போர்க்கப்பலைப் பார்த்து வந்த பழக்கம் அது. 1999-ல் யார்க்ஹில் துறையில் மக்களுக்குத் திறந்தார்கள். 2011-ல், சாஹா ஹாதித் வடிவமைத்த ரிவர்சைடு அருங்காட்சியகம் திறந்தபோது, அதன் வாசலுக்கு எதிரே இன்றைய இடத்துக்கு வந்தது. அந்த இடமே இங்லிஸ் என்ற பழைய கப்பல் கட்டும் தளம். இவ்வளவும் செய்தவர்களில் தன்னார்வலர்கள் ஏராளம். வேலையின் தரத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. தளத்தின் பலகைகளை மட்டும் குனிந்து பார்த்தாலே போதும்.

ஆனால் 1896-ஐத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் அதன்பின் வந்ததைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். பையன்களின் அறைகள் போயின, மேடை போனது, வட்டச் சன்னல்கள் அடைபட்டன. கப்பலின் முன்முனையில் இருந்த மூலச் சிலை ஸ்பெயினிலேயே தங்கிவிட்டது. இங்கே இருப்பது அதன் நகல். கலாத்தியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பலகையில் படிக்கலாம். தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரிகிறது. உலகத்தில் பழைய பயிற்சிக் கப்பல்கள் அங்கங்கே இருக்கின்றன. சரக்கு ஏற்றிய பாய்க்கப்பல், அதுவும் வயிறு காலியாக, பழைய கோலத்தில், கிடைப்பது அரிது. கிளைடில் பிறந்து இன்னும் மிதக்கும் பெரிய பாய்க்கப்பல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பணம் கொடுத்தவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் கட்டிய கப்பல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைக் கட்டிய நதி இது. இன்று அந்தத் தொழிலில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். அந்த நதி தன் கையால் செய்ததைத் தான் செய்தபடியே பார்க்க ஆசைப்பட்டது. இதில் குற்றம் காண மாட்டேன். ஆனாலும், ஒரு பக்கத்தில் நான்கு வட்டச் சன்னல்களையாவது திறந்தே விட்டிருக்கலாம். கீழ்த்தளத்தின் ஒரு மூலையில் அந்தப் பையன்களின் அறை ஒன்றை அப்படியே வைத்திருக்கலாம். இந்த எஃகு உடலை எழுபது ஆண்டுகள் உடைகூடத்துக்குப் போகாமல் வைத்திருந்தது ஸ்பெயின். அந்தக் கடன் பலகையில் அடங்காது.

வேறுவிதமாகவும் செய்ய முடியும். சான்பிரான்சிஸ்கோவில் பால்குளுத்தா என்ற கப்பல் இருக்கிறது. 1886-ல் கிளாஸ்கோவில் கட்டியது. அலாஸ்காவின் சால்மன் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற காலத்தில் அதற்கு ஸ்டார் ஆஃப் அலாஸ்கா என்று பெயர். பிறகு பசிபிக் குயின். இப்போது பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது என்றாலும் சால்மன் காலத்தையும் கப்பலுக்குள்ளேயே சொல்கிறார்கள். ஹாம்பர்கில் எல்ப நதியில் நிற்கும் ரிக்மர் ரிக்மர்ஸ் கதை கிளென்லீயோடு அச்சாக ஒத்துப்போகும். அதே 1896-ல் பிறப்பு. 1916-ல் அசோர்ஸ் தீவில் போர்ச்சுகல் அதைப் பறிமுதல் செய்தது. பிறகு சாக்ரஸ் என்ற பெயரில் போர்ச்சுகல் கடற்படையின் பயிற்சிக் கப்பல். 1983-ல் ஹாம்பர்க் ஆர்வலர்கள் வாங்கி வந்து முதல் பெயரைத் திரும்ப வைத்தார்கள். இரண்டு கப்பலையும் பிழைக்க வைத்தது ஐபீரியக் கடற்படைகள்தான் என்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தெரியவில்லை. பாய்மரத்தில் ஏறிப் பழகினால்தான் கடலாள் ஆவான் என்று அந்த நாடுகள் நெடுங்காலம் நம்பின. போர்ச்சுகல் இன்றும் வேறொரு சாக்ரஸை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

பிழைக்காதவை நினைவுக்கு வரும்போது என் குறை சின்னதாகிவிடுகிறது. கிளாஸ்கோ நகரின் நடுவே ஆற்றங்கரையில் முன்பு இன்னொரு கப்பல் நின்றது. 1864-ல் சண்டர்லாந்தில் கட்டிய சிட்டி ஆஃப் அடிலெய்டு. தென் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளைக் கொண்டுபோன கிளிப்பர். பின்னாளில் கேரிக் என்ற பெயரில் முன்னாள் கடற்படையினரின் கிளப்பாகக் கிளைடில் கிடந்தது. 1991-ல் மூழ்கியது. தூக்கி எடுத்து ஸ்காட்லாந்தின் அர்வின் என்ற ஊரில் கரையேற்றினார்கள். பணம் இல்லாமல் பல ஆண்டு அங்கேயே உலர்ந்தது. கடைசியில் அதன் பெயரைத் தாங்கிய ஊர்க்காரர்கள் கேட்டுவாங்கி, 2014-ல் அடிலெய்டுக்குக் கொண்டுசேர்த்தார்கள். ஃபால்ஸ் ஆஃப் கிளைடு என்ற கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கிளென்லீ பிறந்த அதே போர்ட் கிளாஸ்கோவில் 1878-ல் பிறந்த நான்கு மரக் கப்பல் அது. ஹொனலூலுவில் பழுதடைந்து நின்றது. ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவர ஒரு குழு ஆண்டுக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. 2025-ல் இழுத்துச்சென்று ஆழ்கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை வேலைவிட்டு நேரே பாயிண்ட்ஹவுஸுக்குத்தான் போனேன். நான் தென்கரையில் கோவன் பக்கம் இருப்பவன். 2024-ல் ஆற்றின் குறுக்கே நடைபாலம் திறந்த பிறகு அக்கரை ரொம்பப் பக்கம்.

நமக்கும் இந்த நதிக்கும் ஒரு கணக்கு உண்டு. பாயிண்ட்ஹவுஸிலிருந்து ஆற்றோடு கொஞ்சதூரம் கீழே போனால் வொயிட்இன்ச் என்ற இடம். அங்கே இருந்த பார்க்லே கர்ல் தளத்தில் 1926-ல் ஒரு கப்பல் கட்டினார்கள். பெயர் ரஜூலா. தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது ஆண்டுக்கும் மேலாக ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள் நம் ஆட்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் படகில் போய் நடுக்கடலில் அதில் ஏறியவர். பினாங்கில் கடைக்கணக்கு எழுதப் போனார். நீராவிக் கப்பல், பாய்க்கப்பல் இல்லை. ஆனால் கிளென்லீயைத் தட்டிக் கோத்த அதே வகை ஆட்களின் கைவேலை. 1973-ல் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அதிகநாள் ஓடவில்லை, பம்பாயில் உடைக்கப்பட்டது. எத்தனை குடும்பங்களின் கதை தொடங்கிய கப்பல். இன்று போய் நின்று பார்க்க அதில் ஒரு தகடுகூட இல்லை. கிளென்லீயின் காலியான வயிற்றுக்குள் நிற்கும்போது, எஃகுச் சட்டங்களை எண்ணிக்கொண்டே, ரஜூலாவைத்தான் நினைப்பேன். அதை வைத்துக்கொள்ள யாரும் கேட்கவில்லை.

எஃகுக் கப்பலைத் தண்ணீரிலேயே வைத்துக் காப்பது முடிவில்லாத வேலை. நீர்மட்டத்தை ஒட்டிய பகுதிதான் முதலில் அரிக்கும், வெளியே தெரியவும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இழுத்துப்போய் உலர்துறையில் ஏற்றி, அடியைச் சுரண்டி, தகட்டின் கனத்தை அளந்து, தேய்ந்த இடத்தை மாற்றி, வண்ணம் பூசவேண்டும். மேலே பலகைக்கு இடையில் நார் திணித்துக் கீல் ஊற்ற வேண்டும். ஸ்காட்லாந்தின் மழை ஒரு விரிசலையும் விடாது. இப்போது நுழைவுக் கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் கொடுப்பதும், தேநீர்க் கடையும், கல்யாண நிகழ்ச்சிகளும், நன்கொடைகளும்தான் அந்தச் செலவுக்கு. கிளாஸ்கோ வரும் நண்பர்களை நான் அங்கே கூட்டிப்போகாமல் விடுவதில்லை. அவர்களை முதலில் மேலே கூட்டிப்போக மாட்டேன். கரையில் நிறுத்தி, அந்தக் கறுப்புச் சதுரங்களைக் காட்டி, இந்தச் சுவரில் ஒரு காலத்தில் சன்னல்கள் இருந்தன, அதன் வழியாக எல் ஃபெரோலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவோ பையன்கள் முடிச்சுப் போட்டுப் பழகினார்கள் என்று கலாத்தியாவின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் படியேறச் சொல்வேன்.